பெருமாள்மலைத் துப்பாக்கி இலக்கணம்

பாயிரம்

துப்பாக்கியைப் பற்றி நடுநிலையோடு நூல் செய்யத் தகுந்த ஊர், துப்பாக்கியைத் தூக்கவே முடியாத ஊர்தான். கையில் வைத்திருப்பவனுக்குத் தன்னுடையதே உசத்தி. இல்லாதவனுக்கு எல்லாத் துப்பாக்கியும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. இந்தத் தகுதியில் பெருமாள்மலையை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நூலின் எல்லை வருமாறு: வடக்கே பழனிக்கு இறங்கும் ரோடு, கிழக்கே வத்தலக்குண்டுக்கு இறங்கும் ரோடு, தெற்கே அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் ரோடு, மேற்கே கொடைக்கானலுக்கு ஏறும் ரோடு. தலைக்கு மேலே 2,200 மீட்டரைத் தாண்டி நிற்கும் பெருமாள் மலை. நடுவில் பஸ் நிற்கும் சந்திப்பும் அதைச் சுற்றிய டீக்கடைகளும்.

நுதலிய பொருள்: குட்டையாகவும் இருக்க வேண்டும், இலேசாகவும் இருக்க வேண்டும், போடுகிற தோட்டா மட்டும் பலமாக இருக்க வேண்டும், அப்படிப்பட்ட வேட்டை ரைபிள் எது? கேட்போர்: பீன்ஸ் போட்டவர், காப்பி போட்டவர், ஒன்றும் போடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். பயன்: கடைசி இயலில் ஆராயப்படும். ஆராய்ந்தும் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நாணயம்.

இந்தக் கேள்வி ஏன் இந்த ஊரில் பிறக்கிறது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மலைச்சரிவு செங்குத்து, அதனால் இலேசு வேண்டும். சோலைக்காடு அடர்த்தி, உள்ளே நீளக் குழலைத் திருப்ப முடியாது. அதனால் குட்டை வேண்டும். எதிரே வருவது காட்டுமாடு, வளர்ந்த கடா என்றால் ஆயிரம் கிலோவை எட்டும். அதனால் பலம் வேண்டும். மூன்று தேவையும் ஒருங்கே அமைந்த நிலம் உலகத்திலேயே சொற்பம். அத்தனை பொருத்தமும் பார்த்து வைத்த பிறகு, கல்யாணத்துக்கு அனுமதி இல்லை என்பதுதான் இந்நூலின் சோகம். அது சட்டவியலில் வரும்.

சுமையியல்

துப்பாக்கி இரண்டு வகைப்படும். தான் சுமப்பது, பிறர் சுமப்பது. குழல், விசை, தோட்டா முதலான வேறுபாடுகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பிறர் சுமக்கும் துப்பாக்கிக்கு எடை கிடையாது. இதற்கு இலக்கியம் காட்டுவதானால் இலங்கைக்குப் போக வேண்டும். நுவரெலியாவில் 1848இல் குடியேறிய சாமுவேல் பேக்கர் வைத்திருந்த யானைத் துப்பாக்கி, பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் அவருக்கென்று செய்து கொடுத்தது, 21 பவுண்டு. இன்றைய கணக்கில் ஒன்பதரை கிலோ. ஒற்றைக் குழல். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நாள் முழுக்க நடந்தால் அந்தி நேரத்தில் யானை வந்து நம்மைத்தான் தூக்கிவிட வேண்டியிருக்கும். ஆனால் துரைக்குப் பின்னால் ஆள் இருந்தது. யானை தெரிகிற வரைக்கும் அது இன்னொருவர் தோள், தெரிந்த பிறகு கைமாறும். ஒன்பதரை கிலோவும் சுடுகிற அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் துரையின் கணக்கில் ஏறும்.

பழனி மலையிலும் இதே ஏற்பாடுதான். கர்னல் டக்ளஸ் ஹாமில்டன் 1862இல் இந்த மலைகளை அளந்து படம் வரைந்தவர், கெட்டிக்கார வேட்டைக்காரர், பேரிஜம் பக்கம் ஹாமில்டன் கோட்டை என்ற பெயர் இன்னமும் வழங்குகிறது. மோட்டார் ரோடு வருமுன் மலை ஏறியவர்கள், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரைக்கும் கூலியாட்கள் போட்ட பாதையில் ஏறினார்கள். நடந்து ஏறியவர்கள் நடந்தார்கள், மற்றவர்கள் நாற்காலியிலும் டோலியிலும் ஏறினார்கள். துரையே பிறர் சுமக்கும் பொருளாக இருந்த காலத்தில், துரையின் துப்பாக்கி எத்தனை கிலோ என்று யார் கேட்பார்கள்?

ஆக, இலேசான துப்பாக்கி வேண்டும் என்ற ஏக்கம் துப்பாக்கித் தொழிலில் பிறந்ததல்ல. சுமக்கிற ஆள் கிடைக்காமல் போனபோது பிறந்தது. கூலி ஏறியது, சாம்ராஜ்யம் இறங்கியது, வேட்டைக்காரன் தன் துப்பாக்கியைத் தானே தூக்க நேர்ந்தது. தூக்கின மறுநாளே எடையைப் பற்றிய சிந்தனை உலகெங்கும் செழித்தது. வேட்டை நூல்களில் துப்பாக்கியின் பெயர், செய்தவர் பெயர், தோட்டாவின் பெயர் எல்லாம் வரும். சுமந்தவர் பெயர் வருவது அரிது. சரித்திரத்தில் துப்பாக்கி எடையை உள்ளபடி அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

உதையியல்

சுமையைப் பிறர்மேல் ஏற்றலாம். உதையை ஏற்ற முடியாது. அதைச் சுடுகிறவனே வாங்க வேண்டும். ஒரு பொருளின் எடையைக் காலிலிருந்து கழற்றித் தோளில் மாட்டும் வித்தைக்குத்தான் இலேசுத் துப்பாக்கி என்று பெயர்.

கணக்கு எளிது. குண்டு முன்னால் போகிற தள்ளுக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வரும். தோட்டா மாறாத வரைக்கும் அந்தத் தள்ளு மாறாது. ஆனால் துப்பாக்கி எத்தனைக்கு எத்தனை இலேசோ அத்தனைக்கு அத்தனை உதையின் ஆற்றல் கூடும். எடையைப் பாதியாக்கினால் உதை இரண்டு பங்கு. 1906ஆம் வருஷத்திலிருந்து உலகம் முழுக்கப் புழங்குகிற தர்ட்டி நாட் சிக்ஸ் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைந்த குண்டு, விநாடிக்கு 820 மீட்டர். 4 கிலோ ரைபிளில் போட்டுச் சுட்டால் தோளுக்கு வருவது சுமார் 27 ஜூல். அதே தோட்டாவை 2.7 கிலோ ரைபிளில் போட்டால் 40 ஜூல். 1.3 கிலோவைக் குறைத்து நாள் முழுக்கச் சந்தோஷமாக நடந்தவன், விசையை இழுத்த கணத்தில் வட்டியோடு கட்டுகிறான். மேக்னம் வகைத் தோட்டாவுக்குப் போனால் அது கந்துவட்டி.

உதை நால்வகைப்படும். கனமான துப்பாக்கி மெதுவாகத் தருவது தள்ளு. இலேசான துப்பாக்கி வெடுக்கென்று தருவது குத்து. டெலஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துச் சுடுகிறவன் பெறுவது புருவ முத்திரை. வளையத்தின் விளிம்பு புருவத்துக்கு மேல் ஒரு பிறையை வெட்டிவிடும், தையல் போட்ட அந்தத் தழும்பைப் பார்த்தாலே எந்த மாதிரித் துப்பாக்கி வைத்திருந்தான் என்று தெரிந்துகொள்ளலாம். நான்காவது, முன்னுதை. துப்பாக்கி இன்னும் உதைக்கவில்லை, ஆனால் உதைக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும். விசையை இழுக்கும்போதே தோள் சுருங்கும், கண் மூடும், குண்டு எங்கோ போகும். முந்தின மூன்றும் சுடுகிறவனுக்கு வலி. நான்காவது விலங்குக்கு வலி. ஏனென்றால் சாக வேண்டிய இடத்தில் படாமல் வயிற்றிலோ தொடையிலோ பட்டு, அது நாலு நாள் கழித்துச் சாகும்.

இந்த நான்காவதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை. எடையைக் கிராம் கணக்கில் எழுதுகிறார்கள்.

குழலியல்

குட்டைக்கு வருவோம். இந்த நூலின் நுதலிய பொருளுக்கு மிகச் சரியான சான்று ஒன்று நம் பக்கத்துக் காடுகளுக்கென்றே பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்குத் தென்கிழக்காசியக் காட்டில் நீண்ட ரைபிள் தொந்தரவாக இருந்தது. 1944இல் நம்பர் 4 என்னும் 303 ரைபிளை எடுத்து, குழலை 640 மில்லிமீட்டரிலிருந்து 476க்கு நறுக்கி, முன்கட்டையைக் குறைத்து, இரும்பில் அங்கங்கே பள்ளம் பறித்து, நம்பர் 5 என்று ஒன்று செய்தார்கள். ஜங்கிள் கார்பைன் என்பது அதன் செல்லப்பெயர். 4.1 கிலோ 3.2 கிலோவாயிற்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். தோட்டா மட்டும் அதே முழு 303. பெருமாள்மலை பெஞ்சில் கேட்கப்படுகிற துப்பாக்கி, எழுத்துக்கு எழுத்து இதுதான்.

என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். குழல் குட்டையானதால் மருந்து முழுக்க உள்ளேயே எரிந்து முடியவில்லை. மிச்சம் வாய்க்கு வெளியே தீப்பந்தாக எரிந்தது. அதை மறைக்க வாயில் கூம்பாக ஒரு குழாய் மாட்டினார்கள். குறைத்த நீளத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. உதை கூடியதால் பின்கட்டையில் ரப்பர் பட்டை வைத்தார்கள். அந்தப் பட்டை கட்டையைவிடக் குறுகல். ஆக, பரந்து விழ வேண்டிய உதையை ஒரு சின்ன இடத்தில் கூட்டிக் கொடுத்தது. வருஷம் போகப் போக ரப்பர் இறுகிக் கல்லாயிற்று. இதற்கெல்லாம் மேலாக, இன்று குறி வைத்துச் சரிபார்த்தால் நாளை வேறெங்கோ அடிக்கிறது என்று ஒரு புகார் எழுந்தது. அலையும் குறி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 1947இல் உற்பத்தி நின்றது. தூக்கி நடந்தவர்கள் அதைக் காதலித்தார்கள், சுட்டவர்கள் திட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவிலும் ஒரு கை பார்த்தார்கள். ரெமிங்டன் கம்பெனி 1965இல் மாடல் 600 என்ற குட்டை ரைபிளில் 350 மேக்னம் தோட்டாவைப் போட்டது. குழல் பதினெட்டரை அங்குலம், எடை மூன்று கிலோ. 1968இல் மாடல் 600 நிறுத்தப்பட்டது. இப்போது அதைச் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். சேகரிப்போர் சுடுவதில்லை, ஆகவே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

குழலை நறுக்கினால் வேகம் போகும் என்பது உண்மைதான். ஆனால் பயந்த அளவுக்கு அல்ல. அங்குலத்துக்கு விநாடிக்கு இருபது முப்பது அடி குறையும். சோலைக்குள் இருபது முப்பது மீட்டரில் நடக்கிற காரியத்துக்கு அது ஒரு நஷ்டமே இல்லை. குட்டைக் குழலின் உண்மையான விலை காதில் வசூலாகிறது. வாய் முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் சத்தம் நேரே மண்டைக்குள் இறங்கும். பழைய வேட்டைக்காரர்கள் பலர் எதைக் கேட்டாலும் "ஆங்?" என்பதற்கு இதுவே காரணம்; பெருமை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

பலவியல்

எது பலம்? தோட்டாவின் பெயரில் மேக்னம் என்று இருந்தால் பலம் என்பது பெஞ்சின் கட்சி. இரண்டு சாட்சிகளை அழைக்கலாம்.

முதல் சாட்சி கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர், ஆனால் அவர் திரிந்த காடுகளில் பாதி நம் சேலம், தருமபுரிப் பக்கத்தவை. அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். 1895ஆம் வருஷ மாதிரி, நெம்புகோலைக் கீழே இழுத்து மேலே தள்ளித் தோட்டா ஏற்றுவது. தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனதும் இதே வகை. கனமான குண்டு, கிட்டத்தில் அடிக்கிற அடி. பின்கட்டையின் வளைவு தோளைப் பதம் பார்ப்பதில் பேர்போனது.

இரண்டாம் சாட்சி ஜிம் கார்பெட். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் கொன்றதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்த துப்பாக்கி 275 ரிக்பி. இலேசான துப்பாக்கி, மிதமான தோட்டா, மெல்லிய உதை. அவரிடம் கனமான இரட்டைக்குழல் வேறு இருந்தது. ஆனாலும் ரிக்பியை அவர் கைவிடவில்லை. அதே தோட்டாவால் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றவர் கரமோஜோ பெல். பெல் செய்தது நல்ல காரியம் என்று இந்நூல் சொல்லவில்லை. குண்டு எங்கே படுகிறது என்பதுதான் பலம், எத்தனை வேகத்தில் வருகிறது என்பது அப்புறம் என்பதற்கு அவர் கெட்ட சான்று, ஆனால் உறுதியான சான்று.

சாட்சிகள் போதாது, அளவுகோல் வேண்டும் என்பவர் நார்வேக்குப் போகலாம். அங்கே நம் ஈழத்துச் சொந்தங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எல்க் என்னும் மான், நம் கடமானைப் போல இரண்டு மடங்கு, அங்கே சட்டப்படி வேட்டையாடலாம். அதற்குப் பலம் என்றால் எவ்வளவு என்பதை அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது: பத்து கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட குண்டு, நூறு மீட்டர் தூரத்தில் 2,200 ஜூல் ஆற்றலோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய, உதையே தெரியாத ஆறரை மில்லிமீட்டர் ஸ்வீடன் தோட்டா அதைத் தாண்டிவிடுகிறது. ஆனால் துப்பாக்கி வாங்கினால் மட்டும் போதாது. முதலில் வேட்டைப் பரீட்சை எழுதித் தேற வேண்டும்; பிறகு பெரிய விலங்கு சுடப்போகிற ஒவ்வொரு வருஷமும் குறிபார்த்துச் சுடும் சோதனையில் தேற வேண்டும். பலம் தோட்டாவில் கொஞ்சம், பரீட்சையில் மிச்சம் என்பது அந்நாட்டார் கொள்கை. எனக்கும் அதுவே உடன்பாடு.

காட்டுமாடு எல்க்கைவிடப் பெரிது, ஐயமில்லை. அதற்கு 375 ஹாலண்ட், 1912ஆம் வருஷத்துச் சரக்கு, போதும் என்பார்கள் அறிந்தவர்கள். 1956இல் வந்த 458 வின்செஸ்டர் இன்னும் உத்தமம் என்பார்கள். இவ்விரண்டையும் மூன்று கிலோ ரைபிளில் அடைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. தோள்பட்டையைத் தடவுகிறார்கள்.

சட்டவியல்

இந்த இயல் கண்டிப்பானது. சிரிக்க இடம் குறைவு. இருக்கிற இடத்தைச் சட்டமே ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறது.

1959ஆம் வருஷ ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளை வகைப்படுத்துவதில் எந்த இலக்கண ஆசிரியருக்கும் குறைந்ததல்ல. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் மென்குழல் துப்பாக்கி, குழல் இருபது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பயிர்க் காவலுக்குக் கேட்டால் வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அதாவது குட்டைக்குத் தடை, பலத்துக்கு வேலி. பீன்ஸ் காட்டுக்காரர் மேக்னம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது, சட்டம் அவர் கையில் கெட்டிக்கும் குச்சியைக் கொடுக்கிறது. 303ம் 7.62ம் படைக்கும் போலீசுக்கும் உரியவை, தனியாருக்குக் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அப்படித்தான். படைத் தோட்டா களவுபோய் எதிரே திரும்பும் என்ற பயம். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் இன்றும் இஷாப்பூர் தொழிற்சாலை செய்கிற 315 ரைபிள். ஆஸ்திரியாக்காரரின் பழைய எட்டு மில்லிமீட்டர் தோட்டாவை அடிப்படையாக வைத்து, படைத் துப்பாக்கியில் போட முடியாதபடி செய்த தோட்டா அது. உரிமம் பெற்ற இந்தியனுக்கு ரைபிள் என்றால் பெரும்பாலும் இதுதான். இலேசு அல்ல, குட்டையும் அல்ல. திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது, பஸ் ஏறினால் மாலைக்குள் போய்விடலாம். ஆனால் அங்கே செய்கிற குட்டைத் தாக்குதல் ரைபிள்கள் நமக்கல்ல.

ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்தது 2019 திருத்தத்தில் இரண்டாகக் குறைந்தது. அதே வருஷம் குடகு மக்களுக்கு உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்கும் பழைய சலுகை 2029 வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. இதைப் பெஞ்சில் சொன்னால் பொறாமையில் ஒரு நிமிஷம் பேச்சு நிற்கும்.

இதெல்லாம் துப்பாக்கியை வைத்துக்கொள்வது பற்றி. சுடுவது வேறு. 1972ஆம் வருஷ வன உயிரினச் சட்டமும், வேட்டை உரிமம் என்ற சங்கதியையே எடுத்துவிட்ட 1991 திருத்தமும் சேர்ந்து விளையாட்டு வேட்டைக்கு இந்தியாவில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. காட்டுமாடு முதல் அட்டவணை. அதைக் கொன்றால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் சிறை. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது தேறாத நோயோ ஊனமோ என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் சொன்னால் ஒழிய யாரும் தொட முடியாது. பீன்ஸைத் தின்றது அதில் சேராது. போதாததற்கு 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, கிட்டத்தட்ட 609 சதுர கிலோமீட்டர்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் ஒரு சந்து திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு மூன்று வளையம் வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்றுக்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறை, நாம் அல்ல. நாலு பக்கமும் காடு சூழ்ந்த மலையூரில் அந்த மூன்றாம் வளையத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி ஆராய்ச்சி. பன்றிகள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டன.

அப்படியானால் உரிமம் உள்ள துப்பாக்கிக்கு இந்த மலையில் நடை ஏது? உண்டு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் வாங்கி வர வேண்டும். எடை குறைவின் அருமை வேறெங்கும் தெரியாவிட்டாலும் துணி சுற்றிய துப்பாக்கியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது தெரியும்.

ஆளியல்

துப்பாக்கி தேர்ந்தெடுப்போர் பலவகைப்படுவர்.

முதலாமவர் எண் பண்டிதர். தோட்டாவின் வேகம், குண்டின் எடை, முந்நூறு மீட்டரில் எத்தனை அங்குலம் தாழும் என்பதெல்லாம் மனப்பாடம். துப்பாக்கி தொட்டதில்லை. செல்போனில் பார்க்கிறார். இவரோடு வாதிட்டு வென்றவர் இல்லை. ஏனென்றால் தோள் வலிக்காதவரின் வாதம் சோர்வதில்லை.

இரண்டாமவர் தாத்தா வழியார். "எங்க தாத்தா தொரையோட பேரிஜம் போனாருப்பா." போனது உண்மை. என்னவாகப் போனார் என்பதைச் சுமையியலில் பார்த்தோம். இவர் வீட்டில் துப்பாக்கி இல்லை, ஒரு மிளாக்கொம்பு இருந்தது, அதையும் சட்டத்துக்குப் பயந்து யாரிடமோ கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாமவர் எஸ்டேட் முதலாளி. மதுரையிலோ சென்னையிலோ இருக்கிறார். வெளிநாட்டில் எங்கோ சட்டப்படி ஒரு முறை சுட்டிருக்கிறார், அதனால் பெஞ்சில் இவர் சொல் எடுபடும். இவருக்குத் துப்பாக்கியைவிட அதன் தோல் உறை முக்கியம்.

நான்காமவர் ராத்திரி உண்மையிலேயே காவலுக்குப் போகிறவர். கீழ்மலைப் பக்கம் வாழைக்கும் காப்பிக்கும், மேல்மலைப் பக்கம் பூண்டுக்கும் காரட்டுக்கும், இங்கே பீன்ஸுக்கும் இவர்தான் பொறுப்பு. தகரக் கொட்டகை, ஒரு கம்பளி, தலையில் கட்டுகிற டார்ச். இவர் வந்து உட்கார்ந்தால் எண் பண்டிதர் உற்சாகமாவார்.

"அண்ணே, நேத்து வந்துச்சே, அந்தக் கடா மாடு. ஆயிரம் கிலோ இருக்கும்ல?"

"இருக்கும் தம்பி."

"அதுக்கு நாலு அஞ்சு எட்டு வேணும்ணே. அதுல குட்டைக் குழல் ஒண்ணு இருக்கு."

"அதுக்கு வழி விடணும் தம்பி. வேற என்ன இருக்கு."

நூல் முழுக்க ஆராய்ந்தும் இந்தப் பதிலுக்கு மேற்பட்ட ஒரு நூற்பா எனக்குக் கிடைக்கவில்லை.

ஒழிபியல்

மேற்கூறிய எதிலும் அடங்காதவை இங்கே.

நாட்டுத் துப்பாக்கி: இலேசு, மலிவு, உரிமம் இல்லை. குண்டு முன்னால் போகும் என்பது எதிர்பார்ப்பு. பின்னால் வந்து கட்டைவிரலைக் கொண்டுபோன துப்பாக்கிகளும் உண்டு. உதையியலில் ஐந்தாம் வகையாக இதைச் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

அவுட்டுக்காய்: துப்பாக்கியே அல்ல. தீனிக்குள் வெடி. பன்றிக்கு வைப்பதைப் பசு கடிக்கும், யானை கடிக்கும். வாய் கிழிந்த விலங்கு தின்ன முடியாமல் பல நாள் அலைந்து சாகும். சுருக்குக் கம்பியும் இதே சாதி. இவற்றைப் பற்றி வேடிக்கையாக எழுத என்னால் முடியாது. குற்றம், அவ்வளவுதான்.

கார்பைடு துப்பாக்கி: விலங்கை விரட்டச் சத்தம் போடுகிற பிளாஸ்டிக் குழாய். நுதலிய பொருள் கேட்ட மூன்றில் குட்டை உண்டு, இலேசு உண்டு, பலத்துக்குப் பதில் சத்தம் உண்டு. குண்டு இல்லை. இதையே விடையாகச் சொல்லி நூலை முடித்திருக்கலாம். ஆனால் 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் இதே குழாயை வைத்து விளையாடிய பிள்ளைகள் பலர் கண்ணைப் பறிகொடுத்தார்கள். வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற நேரத்தில்தான் அது வெடிக்கும்.

சேலை வேலி: பழைய நூல்சேலைகளை முளைக்குச்சியில் கட்டி வயலைச் சுற்றி விடுவது. பன்றிக்குக் கொஞ்ச நாள் தயக்கம் இருக்கும். பிறகு சேலைக்கு அடியில் புகுந்து போகும். எடை, உதை, உரிமம் மூன்றும் இல்லாத ஒரே கருவி இது.

இனித் தீர்ப்பு. சட்டம் இடம்கொடுக்கிற நாட்டில் இருக்கும் வாசகர், மேக்னத்தை விட்டுவிட்டு மிதமான தோட்டா எடுக்கட்டும். 275 ரிக்பி மாதிரியோ, ஆறரை மில்லிமீட்டர் மாதிரியோ. டெலஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். குழல் இருபது, இருபத்திரண்டு அங்குலம் இருக்கட்டும். மிச்சப்படுகிற பணத்தைத் தோட்டாவில் போட்டு, பலகையில் சுட்டுச் சுட்டு முன்னுதையை மறக்கட்டும். எடை குறைக்க வேண்டுமென்றால் இடுப்பில் குறைப்பது மலிவு.

பெருமாள்மலை வாசகருக்கு: எதுவும் வேண்டாம். பயிர் போனால் அன்றைக்கே படம் எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். நஷ்டஈட்டுக்கு அலைவது நீளக் குழல் சங்கதிதான். ஆனால் சட்டம் கொடுத்திருக்கிற ஆயுதம் அது ஒன்றே.

மலை ஏறி வரும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி ரோட்டில் காட்டுமாடு நின்றால் வண்டியை முப்பது மீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் போய்ப் படம் எடுக்காதீர்கள். அது தானாகப் போகும், பத்து நிமிஷம் ஆகலாம்.